சிக்கெடுத்தல்

2020 ஊரடங்கு நாட்களில் என் மகள் மடிக்கணினியில் ஓர் அமெரிக்கத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஹவ் டு கெட் அவே வித் மர்டர்’ என்று பெயர். நான் விடைத்தாள்களோடும், என் அம்மா முருங்கைக்கீரையோடும் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்த காலம் அது.

தொடரின் நாயகி அன்னலீஸ் கீட்டிங் ஒரு சட்டப் பேராசிரியர். வயோலா டேவிஸ் நடித்திருக்கிறார். வாழ்க்கை மொத்தமும் சரிந்து, படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடக்கும் அவளைத் தேடி அவளுடைய அம்மா வருகிறார். ஒடிசலான, கறுத்த, தொண்ணூறு வயதுக் கிழவி. சிறுமியாக இருந்தபோது உறவுக்காரன் ஒருவன் தன்னிடம் நடந்துகொண்டதை மகள் இப்போது அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்கிறாள். உனக்குத் தெரியுமா, தெரியாதா? அம்மா முதலில் தட்டிக் கழிக்கிறார். தனக்கும் நடந்ததுதான், பெண்களுக்கு நடப்பதுதான், பேசி என்ன ஆகப்போகிறது என்கிறார்.

பிறகு இன்னொரு காட்சி. அம்மா மேலே உட்கார்ந்திருக்கிறார். மகள் கீழே, அவருடைய முழங்கால்களுக்கு நடுவே. அம்மா சீப்பை எடுத்து மகளின் சுருண்ட முடியைச் சிக்கெடுக்கிறார். சிக்கெடுத்துக்கொண்டே, ஊர்க்கதை சொல்வதுபோல, தனக்கு எப்போது தெரியவந்தது என்பதைச் சொல்கிறார். ஒருநாள் இரவு அந்த ஆள் குடித்துவிட்டுத் தூங்கினான், வீடு எரிந்தது, அதில் அவன் செத்தான் என்பது மகளுக்குத் தெரிந்த கதை. தீ வைத்த கை எது என்பது மகளுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிகிறது.

என் அம்மா கீரை உருவுவதை நிறுத்தியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

“அந்தக் கிழவி என்னடி சொல்றா?” என்று பேத்தியிடம் கேட்டார்.

மகள் சொன்னாள், ஒன்றையும் விடாமல். அவளுடைய தலைமுறைக்கு அந்தத் தைரியம் இருக்கிறது. அம்மா கேட்டுவிட்டுக் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் விடைத்தாளைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அம்மா எனக்கு ரெட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்த ஒரு காலையில், நானும் ஒன்றைச் சொல்ல முயன்றிருக்கிறேன். பாதிதான் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. சடையை மட்டும் வலிக்கிற அளவுக்கு இறுக்கினார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

*

அந்தக் கிழவி யார் என்று அன்றிரவே தேடினேன். சிசிலி டைசன். அந்தக் காட்சி வெளியான 2015இல் அவருக்கு நிஜமாகவே தொண்ணூறு வயது. அடுத்த சில மாதங்கள் அவர் நடித்த படங்களில் கிடைத்தவற்றையெல்லாம் பார்த்தேன். எனக்குத் தமிழ் இலக்கியம்தான் படிப்பு. சினிமா ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் அறுபது ஆண்டு உழைப்பை வரிசையாகப் பார்க்கும்போது அதில் ஒரு பிரதி இருக்கிறது. பிரதியைப் படிப்பதுதானே என் தொழில்.

1924 டிசம்பரில் நியூயார்க் நகரில் பிறந்தவர் அவர். பெற்றோர் கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அம்மா கடுமையான தேவாலயப் பற்றுள்ளவர். அவருக்குச் சினிமா பாவம். செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த மகள் அதை விட்டுவிட்டு மாடலிங், நடிப்பு என்று போனபோது வீட்டைவிட்டே வெளியேற்றினார். நெடுநாள் பேசவில்லை. பதின்வயதிலேயே திருமணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயுமாகியிருந்தார் சிசிலி. அந்த மகளைக் கடைசிவரை பொதுவெளியின் கண்ணில் படாமல் வைத்திருந்தார். தன் வரலாற்றை எழுதியபோதும் அவளுக்கு வேறொரு பெயரைத்தான் சூட்டினார்.

நடிக்க வந்த அவருடைய உடலின் முதல் சண்டை தலைமுடியில் தொடங்கியது. அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் திரையில் தோன்ற வேண்டுமென்றால் சூடேற்றிய இரும்புச் சீப்பால் முடியை இழுத்து நேராக்கியிருக்க வேண்டும். சுருட்டை முடி ‘ஒழுங்கற்றது’. 1959இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் ஆப்பிரிக்கப் பெண்ணாக நடிக்க வேண்டியிருந்தபோது அவர் முடிதிருத்தகத்துக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு, இயற்கையான சுருளோடு படப்பிடிப்புக்கு வந்து நின்றார். 1963இல் ‘ஈஸ்ட் சைட்/வெஸ்ட் சைட்’ தொடரில் ஜார்ஜ் சி. ஸ்காட்டுடன் நடித்தபோது வாராவாரம் அதே தலையோடு வீடுகளுக்குள் நுழைந்தார். தொலைக்காட்சி நாடகத் தொடரொன்றில் கறுப்பினப் பெண் ஒருவர் நிரந்தரப் பாத்திரமாக வந்ததே அதுதான் முதல்முறை. பாத்திரம் என்னவோ அலுவலகச் செயலாளர்தான். ஆனால் தங்கள் வாடிக்கையாளர்கள் முடியை வெட்டிக்கொள்கிறார்கள், எங்கள் பிழைப்புப் போகிறது என்று சிகையலங்காரக்காரர்கள் தனக்குக் கடிதம் எழுதியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது சிரித்தேன். என் நாற்பத்தாறாம் வயதில் சாயம் பூசுவதை நிறுத்திய வாரத்தில், ஓய்வறையில் உடன்பணியாற்றும் ஒருவர், “என்ன மேடம், வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டார். நம் தலையில் இருப்பது நம்முடைய முடி மட்டும் அல்ல. அதில் யார்யாருடைய கையெல்லாமோ இருக்கிறது.

*

1961இல் ஜீன் ஜெனேயின் ‘தி பிளாக்ஸ்’ நாடகம் நியூயார்க்கின் சிறிய அரங்கொன்றில் தொடங்கி, ஆயிரத்து நானூறு காட்சிகளைத் தாண்டி ஓடியது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மாயா ஏஞ்சலோ, லூயிஸ் காசெட் ஆகியோரோடு சிசிலியும் அதில் இருந்தார். ஆனால் அவருக்குத் திரையில் ஒரு முழுப் பாத்திரம் கிடைக்க 1972 ஆனது. படம் ‘சவுண்டர்’. 1933ஆம் ஆண்டின் லூசியானா. வாரத்துக்கு உழும் ஒரு கறுப்பினக் குடும்பம். பட்டினியால் கணவன் இறைச்சி திருடி, சிறைக்குப் போகிறான். மனைவி ரெபெக்கா நிலத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறாள்.

இயக்குநர் மார்ட்டின் ரிட் அவரை முதலில் ஆசிரியை வேடத்துக்குத்தான் கேட்டார். ரெபெக்காவாக நடிக்க நீங்கள் அழகாக இருக்கிறீர்கள், இளமையாக இருக்கிறீர்கள் என்பது தடையாகச் சொல்லப்பட்டது. ‘அழகாக இல்லை’ என்று ஒரு பெண்ணை ஒதுக்கலாம். ‘அழகாக இருக்கிறாய்’ என்றும் ஒதுக்கலாம். அவர் பிடிவாதமாக நின்று ரெபெக்காவைப் பெற்றார்.

சிறையிலிருந்து கணவன் திரும்பி வருவதைத் தூரத்தில் கண்டு அவர் ஓடும் ஓட்டத்தைப் பாருங்கள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஓடும்போது தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு கணமும் யோசிக்காத பெண்ணின் ஓட்டம் அது. திரையில் பெண்கள் அப்படி ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதே ஆண்டு டயானா ராஸுக்கும் கிடைத்தது. அதற்கு முன்னால் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண் டோரதி டாண்ட்ரிட்ஜ் ஒருவர்தான். விருது லிசா மின்னெல்லிக்குப் போனது.

ஆனால் அந்த ஆண்டு அவரை மாற்றியது விருது அல்ல. படத்தை ஒட்டிய சந்திப்பொன்றில் வெள்ளையின ஆண் ஒருவர் எழுந்து தன் சங்கடத்தைச் சொன்னார். படத்தில் அந்தப் பையன் தன் தகப்பனை ‘டாடி’ என்று அழைக்கிறான். என் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் அழைக்கிறார்கள். அது எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. கறுப்புக் குழந்தையும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடும் என்பது ஒரு மனிதருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கிறது! நடிப்பது தனக்கு இனி வெறும் தொழிலாக இருக்க முடியாது என்று முடிவெடுத்த தருணமாக அதைத்தான் சிசிலி திரும்பத் திரும்பச் சொன்னார். கறுப்பினப் பெண்ணைச் சிறுமைப்படுத்தும் எந்தப் பாத்திரமும் வேண்டாம். துப்பாக்கியும் போதையும் பாலியல் தொழிலுமாகக் கறுப்பின வாழ்வைக் காட்டி வசூல் அள்ளிய படங்கள் குவிந்த காலம் அது. அவர் மறுத்தார். மாதக்கணக்கில், சில சமயம் அதைவிட நீண்ட காலம், வேலையில்லாமல் இருந்தார்.

*

1974 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சி ‘மிஸ் ஜேன் பிட்மனின் தன்வரலாறு’ படத்தை ஒளிபரப்பியது. எர்னஸ்ட் ஜே. கெய்ன்ஸின் நாவல். அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரைக் கண்டு, சிவில் உரிமைப் போராட்டம்வரை வாழும் ஒரு பெண்ணின் கதை. இளம்பெண்ணிலிருந்து நூற்றுப்பத்து வயதுக் கிழவிவரை ஜேனாக நடித்தவர் சிசிலி. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. ஆனால் உலகத்துக்கு அது தெரியாது. மேலாளரின் அறிவுரைப்படி வயதில் பத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் தன் வயதை மறைக்க வேண்டிய கட்டாயம்; மறுபக்கம் முகமெல்லாம் ரப்பர் சுருக்கங்களை ஒட்டிக்கொண்டு நூற்றுப்பத்து வயதைத் திரையில் காட்டும் துணிச்சல். ஒரே பெண், ஒரே ஆண்டு.

1962இல் நடப்பதாக வரும் அதன் கடைசிக் காட்சியை என் மாணவிகளுக்குத் திரையிட்டிருக்கிறேன். நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் வெள்ளையர்க்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட குடிநீர்க் குழாய். காரிலிருந்து இறங்கிய கிழவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியே நடக்கிறாள். காவலர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் அவசரப்படுவதில்லை. அவசரப்பட அந்தக் கால்களால் முடியாது. போய்ச் சேர்கிறாள். குனிந்து குடிக்கிறாள். திரும்பி நடந்து வருகிறாள். அவ்வளவுதான். அந்தக் காட்சிக்கு என் மாணவிகள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நாவலில் ஜேன் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. போராட்டத்தை நடத்திய இளைஞன் கொல்லப்பட்ட செய்தி வந்த பிறகும், பண்ணையாரைத் தாண்டி அவள் ஊருக்குக் கிளம்பிப் போவதோடு நாவல் முடிகிறது. எழுத்துக்கு அந்தக் கிளம்புதல் போதும். திரைக்கு ஒரு உடல் வேண்டியிருந்தது, குனியும் ஒரு முதுகு வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சிசிலிக்கு அந்த ஒரு படத்துக்காக இரண்டு எம்மி விருதுகள் கிடைத்தன.

ரோட் ஐலண்டில் வறுமையில் வாடிய ஒரு கறுப்பினச் சிறுமி தொலைக்காட்சியில் அந்தக் கிழவியைப் பார்த்தாள். தன்னைப் போன்ற தோலும் உதடும் கொண்ட ஒருத்தி இதைச் செய்ய முடியும் என்றால் நானும் செய்வேன் என்று நினைத்தாள். அந்தச் சிறுமி வயோலா டேவிஸ். நாற்பது ஆண்டுகள் கழித்து, சிசிலியின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து தலையைக் கொடுத்தவள் அவள்தான். இதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். அந்த விரல்கள் கோதிக்கொண்டிருந்தது ஒரு பாத்திரத்தின் முடியை மட்டும் அல்ல.

*

சிசிலி டைசனை ஒரு பளிங்குச் சிலையாக்கி வணங்க எனக்கு விருப்பமில்லை. வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், கண்ணியமான ரோல்தான் பண்ணுவேன்னு சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணியம்னு யார் முடிவு பண்றது? பாலியல் தொழிலாளிக்குக் கண்ணியம் இல்லையா?”

சரியான கேள்வி. ‘நல்ல பெண்’களை மட்டுமே காட்டுவேன் என்பதில் ஒரு வேலி இருக்கிறது. ரெபெக்கா, ஜேன், ‘ரூட்ஸ்’ தொடரில் குண்டா கிண்டேயின் தாய், அடிமைகளை விடுவித்த ஹாரியட் டப்மன், கொரெட்டா ஸ்காட் கிங், ஆசிரியை மார்வா காலின்ஸ் என்று அவருடைய 1970களும் 80களின் தொடக்கமும் தாய்களாலும் தலைவிகளாலும் நிறைந்தவை. ஓர் இனத்தின் பெருமை முழுவதையும் ஒரே நடிகையின் தோளில் ஏற்றினால் அவளுக்குத் தடுமாறவும் உரிமை இல்லாமல் போகிறது. வெள்ளை நடிகை கொலைகாரியாக நடித்தால் அது ஒரு கொலைகாரியின் கதை. கறுப்பின நடிகை நடித்தால் அது இனத்தின் கதையாகிவிடும். அந்த அநியாயத்தை உண்டாக்கியவர் சிசிலி அல்ல. அதற்குள் நின்றுகொண்டு தனக்குத் தெரிந்த ஒரு வழியைத் தேர்ந்தார், அதன் விலையைத் தானே கொடுத்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பணிப்பெண் வேடத்தை அவர் இழிவாக நினைக்கவில்லை. 1994இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் முன்னாள் அடிமைப் பெண்ணாக நடித்துத்தான் இன்னொரு எம்மி பெற்றார். 2011இல் ‘தி ஹெல்ப்’ படத்தில் வளர்த்த வீட்டாலேயே வெளியேற்றப்படும் முதிய பணிப்பெண்ணாகச் சில நிமிடங்களே வருவார். வாசலில் நின்று கதவின் கம்பிவலையில் அவர் கை வைப்பதை மறக்க முடியாது.

அதே மாணவி அடுத்த கேள்வியையும் கேட்டாள். ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸை 1981இல் மணந்து, அவருடைய போதைப் பழக்கத்தோடும் பிற பெண்களோடும் கோபத்தோடும் அவர் பட்டதைப் பற்றி. “வேஷத்துல வேண்டாம்னு சொன்னவங்க வீட்டுல ஏன் மேடம் சொல்லல?”

அந்தத் திருமணம் அந்தப் பத்தாண்டுகளின் இறுதியில் முறிந்தது. அதுவரை அவர் ஏன் இருந்தார்? தன் நூலில் அந்த மனிதரின் சீரழிவையும் எழுதியிருக்கிறார், அவர்மீது தனக்கிருந்த அன்பையும் எழுதியிருக்கிறார். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை அழிக்கவில்லை. மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: ஒரு வெளியில் உறுதியாக இருப்பவள் எல்லா வெளியிலும் உறுதியாக இருப்பாள் என்று எதிர்பார்ப்பது நாம் பெண்களுக்கு மட்டும் வைக்கும் தேர்வு. பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்தத் தேர்வை வைத்து நான் எத்தனை ஆண்டுகளாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தேன்!

*

முதுமை அவருக்கு ஓய்வாக வரவில்லை. 2013இல், எண்பத்தெட்டு வயதில், ‘தி டிரிப் டு பவுண்டிஃபுல்’ நாடகத்தில் பிராட்வே மேடையேறி டோனி விருது வாங்கினார். சாவதற்கு முன் சொந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று மகன் வீட்டிலிருந்து தப்பி ஓடும் கிழவியின் கதை அது. 2016இல் ஒபாமா கையால் குடியரசுத் தலைவர் வழங்கும் சுதந்திரப் பதக்கம். 2018இல் கௌரவ ஆஸ்கர், அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக. சிறந்த நடிகைக்கான பரிந்துரைக்கும் இதற்கும் நடுவே நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. தன்வரலாறு 2021 ஜனவரி 26 அன்று வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் வயோலா டேவிஸ். இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி, தொண்ணூற்றாறு வயதில் அவர் இறந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுப் போனதுபோல்.

சொல்லி முடிப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அந்தத் தொடரைப் பார்த்த சில நாட்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் கை தூக்க முடியாததால் நான்தான் அவருக்குத் தலை சீவிவிடுவேன். முற்றத்துப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார், நான் ஒரு படி மேலே. தேங்காய் எண்ணெய் வைத்து, கழுத்தோரச் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முடி மெலிந்து, விரலில் நூல்போல வந்தது.

“அந்த ஆளு கேதத்துக்கு நான் போகல, தெரியுமா,” என்றார் அம்மா.

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. முறைக்குப் பெரியப்பா. அவர் செத்தபோது நான் பத்தாம் வகுப்பு. ஊரே போயிருந்தது. அம்மா காய்ச்சல் என்று பாயில் படுத்துக்கொண்டார். அதற்காக அப்பா ஆறு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவுக்குப் போகாத வீடு என்று சொந்தபந்தம் எங்கள் விசேஷங்களுக்கு வராமல் இருந்தது. எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. காய்ச்சல் இல்லை என்பதுதான் தெரியாது.

“நீ சொன்னப்பவே...” என்று ஆரம்பித்தவர் மேலே பேசவில்லை.

எனக்கு அது போதுமா என்று பலமுறை கேட்டுக்கொண்டேன். போதவில்லை. ஒன்பது வயதில் அந்தச் சிறுமிக்கு வேண்டியிருந்தது யாரும் அறியாத ஒரு மறுப்பு அல்ல. கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னதை நான் நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை. அது அன்றைக்கு வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாக வருவதை வைத்துக் கணக்கைத் தீர்க்க முடியாது. ஆனால் பதிலே இல்லை என்று நான் எழுதி வைத்திருந்த பக்கம் வெற்றுப் பக்கம் அல்ல. அம்மா தனக்குக் கிடைத்த ஒரே தீக்குச்சியைக் கிழித்திருக்கிறார். அதன் வெளிச்சம் என்வரை வந்து சேரவில்லை.

“வலிக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல, நீ எடு.”

மீதிச் சிக்கையும் எடுத்தேன். நேரம் பிடித்தது.